முட்டை சூட்டில் இறுகுகிறது, ஆட்டுக்கால் சாறு சூட்டில் இளகுகிறது. இரண்டும் புரதம்தானே?

சந்தேகசாமி:

முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறது. ஆறினாலும் திரும்ப நீராவதில்லை. ஆட்டுக்கால் பாயா இதற்கு நேரெதிர். கொதிக்கும்போது தண்ணியாக இருக்கிறது, ஃப்ரிட்ஜில் வைத்தால் கத்தியால் வெட்டுகிற அளவுக்கு இறுகுகிறது, மறுபடி சூடாக்கினால் பழையபடி சாறு. இரண்டிலும் இருப்பது புரதம் என்கிறார்கள். ஒன்று ஏன் திரும்பி வருகிறது, இன்னொன்று ஏன் வரவில்லை? இணையத்தில் தேடினால் மூட்டுவலிக்குப் பவுடர் விற்கிறவர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

கொங்குநாடன்:

அது கொழுப்புங்க. உறையத்தான் செய்யும்.

மதுரைக்காரி:

இல்லை. கொழுப்பு மேலே வெள்ளையாக ஏடு கட்டும். அதைக் கரண்டியால் வழித்து எடுத்த பிறகும் கீழே தளதளவென்று நிற்கிறதே, அவர் கேட்பது அதைப் பற்றி.

ஆய்வகவாசி:

மதுரைக்காரி அக்கா சொல்வது சரி. முதலில் முட்டை.

வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் 385 கோத்த ஒரே சங்கிலி. அது சுருண்டு மடிந்து ஒரு சிறு உருண்டையாக இருக்கிறது. தண்ணீரோடு ஒட்டாத, எண்ணெய்த்தன்மை கொண்ட அமினோ அமிலங்கள் உள்ளே ஒதுங்கிக்கொள்ளும். தண்ணீரோடு ஒத்துப்போகிறவை வெளிப்பக்கம் இருக்கும். இந்த ஒதுங்கல்தான் மடிவதற்கான முக்கியக் காரணம். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதப்பதால் பச்சை வெள்ளைக்கரு தெளிவாகத் தெரிகிறது.

பலர் கவனிக்காத விஷயம், இந்த மடிப்பைப் பிடித்து வைத்திருக்கும் பலம் ரொம்பக் குறைவு. ஒரு சாதாரணப் புரதத்தில் மடிந்த நிலைக்கும் அவிழ்ந்த நிலைக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிதான். நூற்றுக்கணக்கான ஹைட்ரஜன் பிணைப்புகள் இருந்தாலும், கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது அவற்றில் சிலவற்றின் மதிப்பு மட்டுமே. வெப்பம் ஏறினால் கணக்கு எளிதில் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

80 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓவால்புமின் அவிழ்கிறது. உள்ளே இருந்த எண்ணெய்த்தன்மைப் பகுதிகள் வெளியே வருகின்றன. பக்கத்துச் சங்கிலியிலும் அதே கதை. இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. சங்கிலிக்குச் சங்கிலி கந்தகப் பிணைப்புகளும் உண்டாகின்றன. இப்படி உருவாகும் வலை ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளை நிறம். ஆறிய பிறகு பிரிவதற்கு வழியில்லை.

அவிழ்ந்த புரதம் எதுவுமே திரும்பாது என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியை (124 அமினோ அமிலங்கள், நான்கு கந்தகப் பிணைப்புகள்) கிறிஸ்டியன் அன்ஃபின்சென் முழுக்க அவிழ்த்தார். அவிழ்க்கப் போட்ட யூரியாவை நீக்கியதும் அது தானாகவே மடிந்து மறுபடி வேலை செய்தது. வடிவத்துக்கான தகவல் சங்கிலியின் வரிசையிலேயே இருக்கிறது என்று காட்டிய அந்த வேலைக்கு 1972-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் அது நீர்த்த கரைசலில் நடந்த சோதனை. வெள்ளைக்கருவில் பத்தில் ஒரு பங்கு புரதம். அந்த நெரிசலில் ஒரு சங்கிலி தனக்குள் மடிவதற்கு முன்பே பக்கத்தில் இருப்பது அதைப் பிடித்துக்கொள்ளும்.

பாயாவைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன்.

சந்தேகசாமி:

ராத்திரி வரை காத்திருக்கிறேன். ஒரு துணைக்கேள்வி: பாயாவில் இருப்பதும் தோலில் இருப்பதும் ஒரே புரதம் என்று படித்தேன். அப்படியானால் செருப்பு ஏன் வெந்நீரில் கரையவில்லை?

பேர்ணாம்பட்டு பாய்:

அதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி, தோல் பதனிடுவதுதான் எங்கள் தொழில். முதலில் ஆய்வகத்துத் தம்பி கொலாஜென் பற்றிச் சொல்லி முடிக்கட்டும்.

ஆய்வகவாசி:

வந்துவிட்டேன்.

ஆட்டுக்காலிலும் தோலிலும் இருக்கும் புரதம்தான் கொலாஜென். அது உருண்டை இல்லை, நீளத் தடி. சுமார் 300 நானோமீட்டர் நீளம், 1.5 நானோமீட்டர் தடிமன். ஒவ்வொன்றிலும் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டிய அமினோ அமிலங்களோடு மூன்று சங்கிலிகள். மூன்று புரிக் கயிறு போலத்தான் இதன் அமைப்பு: தனிச் சங்கிலி இடப்பக்கமாக முறுக்கிக்கொள்ளும், மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். எதிரெதிர் முறுக்கு இருந்தால் இழுத்தாலும் பிரியாது என்பது கயிறு திரிக்கிறவர்களுக்குத் தெரியும்.

மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் இடமே கிடையாது. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தாக வேண்டும். இருப்பதிலேயே சிறிய அமினோ அமிலம் அது, பக்கக்கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. மற்ற இரண்டு இடங்களில் புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் அடிக்கடி வரும். இவை விறைப்பானவை, கண்டபடி வளையாது.

கொதிக்கவைக்கும்போது மூன்று புரிகளும் பிரிகின்றன. அதுதான் ஜெலட்டின். முட்டையோடு ஒப்பிட்டால் இங்கே இரண்டு வித்தியாசம். உள்ளே ஒளித்துவைத்த எண்ணெய்த்தன்மைப் பகுதி என்று பெரிதாக எதுவும் இல்லை. முறுக்கின் பகுதியில் கந்தகப் பிணைப்புக்கான சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் இல்லை. எனவே பிரிந்த சங்கிலிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளாமல் சாற்றில் சும்மா அலைகின்றன. குளிர்ந்ததும் மறுபடி மூன்று மூன்றாக முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். ஆனால் பழைய கூட்டாளிகள் எங்கே? ஒரு சங்கிலியின் தலைப்பகுதி ஒரு ஜோடியோடும் வால்பகுதி வேறொரு ஜோடியோடும் அரைகுறையாக முறுக்கிக்கொள்ளும். அந்த முடிச்சுகளால் ஆன வலைக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. முடிச்சுகள் சிறியவை என்பதால் 30–35 டிகிரியிலேயே அவிழும். ஜெலட்டின் ஜெல்லி வாயில் வைத்தவுடன் கரைவது இதனால்தான்.

உடம்பு இதை எப்படிச் சரியாகச் செய்கிறது? செல்லுக்குள் சங்கிலிகள் உருவாகும்போது ஒவ்வொன்றின் வால்முனையிலும் ஒரு கூடுதல் பகுதி இருக்கும். மூன்று வால்களும் முதலில் சேர்ந்து, சங்கிலிகளைச் சரியான வரிசையில் நிறுத்துகின்றன. பிறகு வாலிலிருந்து தலை நோக்கி முறுக்கு ஏறும். வேலை முடிந்து செல்லை விட்டு வெளியேறியதும் அந்தக் கூடுதல் பகுதி வெட்டி எறியப்படும். உங்கள் பாயா சட்டியில் வாலும் இல்லை, வரிசைப்படுத்த ஆளும் இல்லை.

மதுரைக்காரி:

அப்போது என் அனுபவத்துக்கும் காரணம் சொல்லுங்கள். இளம் ஆட்டின் கால் சீக்கிரம் வெந்துவிடுகிறது, முற்றிய ஆடு என்றால் குக்கரில் விசில் போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் கறிக்குப் பப்பாளிக்காய் போட்டால் மெத்தென்று ஆகிறதே, அது எந்த வகை?

ஆய்வகவாசி:

கொலாஜென் தடிகள் தனியாக இருப்பதில்லை அக்கா. நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டு நாராகின்றன, அடுக்கின் நெடுகிலும் சுமார் 67 நானோமீட்டருக்கு ஒருமுறை பட்டை தெரியும் (எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அழகோ அழகு). பக்கத்துப் பக்கத்துத் தடிகளுக்கு நடுவே நிரந்தரக் குறுக்குப் பிணைப்புகள் உண்டு. லைசில் ஆக்சிடேஸ் என்ற, செம்பு அணு கொண்ட நொதி இதைத் தொடங்கிவைக்கிறது. வயதாக ஆக அந்தப் பிணைப்புகள் சூட்டுக்கு அசையாத வகையாக முதிர்கின்றன. உங்கள் விசில் கணக்கு அதுதான்.

பப்பாளிக்காயில் இருப்பது பப்பைன், புரதத்தை வெட்டும் நொதி. முறுக்கு இறுக்கமாக இருக்கும்வரை கொலாஜெனை அநேக நொதிகளால் வெட்ட முடியாது, கத்தி நுழைய இடமில்லை. தசைப் புரதத்தை முதலிலேயே வெட்டும். கொலாஜென் சூட்டில் பிரியத் தொடங்கிய பிறகே அதன்மேல் கைவைக்கும். பச்சை அன்னாசி போட்டால் ஜெலட்டின் ஜெல்லி இறுகாமல் போவதும் இதே வகை. டின் அன்னாசி என்றால் இறுகும், பதப்படுத்தும் சூட்டில் அன்னாசியின் நொதியே அவிழ்ந்துபோயிருக்கும்.

கொங்குநாடன்:

நாங்கள் சைவம். கடல்பாசியில் செய்கிற ஜெல்லியும் இதுதானா?

ஆய்வகவாசி:

அது புரதமே இல்லை, மாவுச்சத்து வகையறா. 85 டிகிரி வரை இளகாது. அதனால்தான் வாயில் கரையாது, கடிக்க வேண்டியிருக்கிறது.

பேர்ணாம்பட்டு பாய்:

இப்போது செருப்புக்கு வருவோம்.

பச்சைத் தோலைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் 60–65 டிகிரியில் சட்டென்று சுருங்கிவிடும். தோல் பதனிடும் ஷெட்டில் இதைச் சுருங்கும் வெப்பம் என்போம். நாருக்குள் இருக்கும் முறுக்கு அவிழ்கிறது என்று இப்போது புரிகிறது. பதனிடுவது என்றால் அந்த வெப்பத்தை மேலே தள்ளுவதுதான், ஒரே வரியில் சொன்னால்.

ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு வேடிக்கை நடக்கும். உப்பு போக ஊறவைத்து, சுண்ணாம்பிலும் சோடியம் சல்ஃபைடிலும் போடுவோம். மயிர் கரைந்தே போகும், தோல் அப்படியே நிற்கும். இரண்டுமே புரதம்! சின்ன வயதில் இது எனக்குப் பெரிய ஆச்சரியம். மயிரில் இருப்பது கெரட்டின், அது கந்தகப் பிணைப்பை நம்பி நிற்கிறது. சல்ஃபைடு அதை அறுத்துவிடும். கொலாஜெனில் அறுக்க அப்படி எதுவும் இல்லை என்று தம்பி மேலே எழுதியதைப் படித்ததும்தான் கணக்கு முழுசானது.

அப்புறம் பதனிடல். எங்கள் பக்கம் பழைய முறை ஆவாரம் பட்டை, கடுக்காய். பட்டையில் உள்ள டானின் நாருக்குள் புகுந்து ஏகப்பட்ட ஹைட்ரஜன் பிணைப்புகள் போடும். சுருங்கும் வெப்பம் 75–85 வரை ஏறும். குரோம் முறையில் குரோமியம் உப்பு கொலாஜெனில் இருக்கும் அமிலக் கிளைகளைப் பிடித்து இணைக்கும். 100 டிகிரியைத் தாண்டிவிடும். ‘வெட் ப்ளூ’ என்று நீல நிறத்தில் வரும் அந்தத் தோலில் ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிஷம் போடுவார்கள். சுருங்கினால் தோலைப் போட்டுச் சுழற்றும் அந்த டிரம் இன்னும் ஓட வேண்டும் என்று அர்த்தம். செருப்பு வெந்நீரில் கரையாத காரணம் இதுதான் தம்பி.

சிவப்புச்சட்டை:

குரோமியம் பாலாற்றை என்ன செய்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள் பாய்.

பேர்ணாம்பட்டு பாய்:

எழுதலாம், மறைக்க எதுவும் இல்லை. 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஷெட்டுக்கு 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு இல்லாதவை மூடல், எல்லாம் பார்த்தவன் நான். நிலத்தடி நீர் கெட்ட ஊர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதற்குத் தனி இழை போடுங்கள், அங்கே வருகிறேன்.

பிசிக்ஸ் வாத்தியார்:

கொலாஜென் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அதன் வடிவத்தைக் கண்டுபிடித்த இடத்தைச் சொல்லாமல் விட்டால் எப்படி? சென்னைதான்.

ஜி. என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக வந்தார், வயது முப்பது. அந்த ஆண்டு பிரிட்டன் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால் சென்னை வந்தபோது, கொலாஜெனின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கங்காரு வாலின் தசைநாணிலிருந்து எடுத்த நாரை எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். மொத்த அமினோ அமிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது ஏற்கெனவே தெரியும். மூன்றில் ஒன்று என்றால் மூன்று சங்கிலி என்று யோசித்தார்கள். 1954-இல் நேச்சர் இதழில் முதல் மாதிரி வந்தது. அதில் மூன்று சுருள்களும் இணையாக நின்றன, சேர்ந்து முறுக்கிக்கொள்ளவில்லை. 1955-இல் முறுக்கேறிய திருத்திய வடிவம். அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

சிவப்புச்சட்டை:

அதே 1955-இல் டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் அவரோடு வேலை செய்த ரிச்சும் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போனார்கள். நோபலும் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரன் நியாயம்.

பிசிக்ஸ் வாத்தியார்:

பாதி உண்மை, மீதி கோபம். முதலில் சொன்னவர் ராமச்சந்திரன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சண்டையில் ஒரு நியாயமான விஷயமும் இருந்தது. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றது சென்னை மாதிரி. ஒன்றுதான் என்றார்கள் ரிச்சும் கிரிக்கும். சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் வாதம். 1994-இல் கொலாஜென் போன்ற ஒரு சிறு பெப்டைடின் (குட்டி அமினோ அமிலச் சங்கிலி) படிக அமைப்பு வெளியானபோது, ஒன்று என்ற பக்கமே நின்றது.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. ‘அளவுக்கு மீறி நெருக்கம்’ என்றால் எவ்வளவு? அந்த எல்லையை யார் வகுத்தது? ராமச்சந்திரன் இந்தக் கேள்வியை விடவில்லை. அதுவரை தெரிந்த படிக அமைப்புகளைத் தோண்டி, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு பக்கத்தில் வரலாம் என்று பட்டியல் போட்டார்கள். ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் சங்கிலி திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டு. ஃபை, சை என்பார்கள். ஒன்றைக் கிடையாகவும் இன்னொன்றை நெடுக்காகவும் வைத்து, எந்தக் கோணச் சேர்க்கையில் அணுக்கள் இடித்துக்கொள்ளாது என்று குறித்தார்கள். பெரும்பகுதி தடைப்பட்ட நிலம். அனுமதிக்கப்பட்ட சில தீவுகளில், புரதங்களில் அடிக்கடி வரும் வடிவங்களான ஆல்ஃபா சுருள், பீட்டா தகடு எல்லாம் வந்து உட்கார்ந்தன. கிளைசினுக்குப் பரந்த இடம், புரோலினுக்கு ஒரு குறுகிய பட்டை. ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-இல் வெளியிட்டார். இன்றைக்கும் எந்த ஊரில் யார் ஒரு புரத வடிவத்தைத் தீர்த்தாலும், ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். கொலாஜென் சண்டையில் புள்ளி ஒன்று போனது, அந்தச் சண்டையிலிருந்தே இது வந்தது. என்னைக் கேட்டால் இது முன்னதைவிடப் பெரிய வேலை.

தில்லை:

எல்லாம் சரி. அம்மாவுக்கு முழங்கால் வலி. கொலாஜென் பவுடர் வாங்கலாமா வேண்டாமா?

ஆய்வகவாசி:

மருத்துவ ஆலோசனையை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். வேதியியல் மட்டும் சொல்கிறேன். பவுடரில் இருப்பது ஏற்கெனவே அவிழ்த்துத் துண்டுபோட்ட கொலாஜென். குடலில் அது அமினோ அமிலங்களாகவும் குட்டித் துண்டுகளாகவும் உடையும். முழு முப்புரித் தடி அப்படியே போய் முட்டியில் உட்காரும் என்று விளம்பரத்தில் காட்டும் படம் கற்பனை. பவுடர் சாப்பிட்டவர்களிடம் செய்த ஆய்வுகள் உண்டு, பலவற்றுக்குப் பணம் கொடுத்தது விற்பவர்களே. நான் வாங்கமாட்டேன்.

கொலாஜெனுக்கு உண்மையிலேயே இன்றியமையாத உணவுப் பொருள் வைட்டமின் சி. புரோலினை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றும் நொதியில் ஒரு இரும்பு அணு இருக்கிறது. அதை வேலை செய்யும் நிலையில் வைத்திருக்க வைட்டமின் சி தேவை. அது இல்லாமல் உருவாகும் கொலாஜென் எவ்வளவு சூடு தாங்கும் என்று 1973-இல் அளந்து பார்த்தார்கள். வழக்கமானது சுமார் 39 டிகிரியில் அவிழும், ஹைட்ராக்சி ஏறாதது 24 டிகிரியிலேயே! உடம்பின் சூடு 37. முறுக்கே நிற்காது.

ஸ்கர்வி நோய் இதுதான். 1740-இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட கடற்படைத் தளபதி ஆன்சனின் கப்பல்களில் ஒரு மாலுமிக்கு, 1690-இல் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் பட்டு ஆறிப்போன காயம் ஐம்பது வருஷம் கழித்துத் திறந்துகொண்டது. தழும்பு என்பது ஒருமுறை கட்டி முடித்த சுவர் கிடையாது. கொலாஜென் அங்கே தொடர்ந்து அழிந்து, தொடர்ந்து உருவாகிறது. புதியது நிற்காவிட்டால் பழைய காயம் வெளியே தெரிந்துவிடும்.

மீன்களிலும் இதைப் பார்க்கலாம். குளிர்கடல் காட் மீனின் கொலாஜென் 15 டிகிரி அளவிலேயே அவிழும், ஹைட்ராக்சிபுரோலின் குறைவு. அது வாழும் தண்ணீருக்கு அவ்வளவு போதும்.

பிசிக்ஸ் வாத்தியார்:

தம்பி, 39-க்கும் 37-க்கும் இடைவெளி ரொம்பக் குறைவாக இருக்கிறதே. காய்ச்சல் வந்தால் உருகிவிட வேண்டாமா?

ஆய்வகவாசி:

ஐயா, கூர்மையான கேள்வி. அந்த 39-உம் வேகமாகச் சூடாக்கி அளந்த எண். 2002-இல் மிக மெதுவாகச் சூடாக்கி அளந்தபோது, தனித்த மனிதக் கொலாஜென் தடி உடம்புச் சூட்டிலேயே நிலையற்றது என்று தெரிந்தது. செல்லுக்குள் முறுக்கேறும்போது அதற்கென்றே உள்ள துணைப்புரதம் ஒன்று பிடித்துக்கொள்கிறது. வெளியே வந்ததும் நாராக அடுக்கப்படுகிறது. அடுக்குக்குள் அவிழ இடமில்லாததால் தாங்கும் சூடு எங்கேயோ போய்விடும். பாய் சொன்ன 60–65 டிகிரி அந்த நாரின் கணக்கு. தனித் தடியின் பலம் குறைவு, கூட்டத்தில்தான் அது நிற்கிறது.

சந்தேகசாமி:

புரத வடிவத்தை ஊகிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரல் வந்து மடிப்புப் புதிரையே தீர்த்துவிட்டது, 2024-இல் நோபலும் கொடுத்தாயிற்று என்கிறார்களே. இனி இதெல்லாம் கணினி பார்த்துக்கொள்ளாதா?

ஆய்வகவாசி:

வரிசையைக் கொடுத்தால் கடைசி வடிவத்தை ஊகிப்பதில் அது அபாரம், 2020-இல் நடந்த புரத வடிவ ஊகப் போட்டியிலேயே நிரூபித்துவிட்டது. ஆனால் எந்த வழியாக மடிகிறது, எவ்வளவு நேரத்தில், வழியில் யார் துணை என்பது வேறு கேள்வி. கொலாஜெனில் கடைசி வடிவம் 1955-லிருந்தே தெரியும். நோய் வருவது வழியில். ஒரே ஒரு கிளைசின் பெரிய அமினோ அமிலமாக மாறிப் பிறந்தால், முறுக்கு அந்த இடத்துக்கு வந்ததும் தடுமாறும். எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய் பலருக்கு இப்படித்தான் வருகிறது. முறுக்கு வாலிலிருந்து ஏறுவதால், வாலுக்குப் பக்கத்தில் பிழை இருந்தால் பொதுவாகப் பாதிப்பு அதிகம், விதிவிலக்குகளும் நிறைய.

மதுரைக்காரி:

எலும்புக்குக் கால்சியம்தான் பலம் என்றல்லவா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்?

பிசிக்ஸ் வாத்தியார்:

இரண்டும் வேண்டும் அம்மா. கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சுத்தம் செய்து வினிகரில் போட்டு வையுங்கள். ஒரு வாரத்தில் தாது கரைந்து வெளியேறும், மிஞ்சுவது கொலாஜென். எலும்பின் வடிவம் மாறாது, ஆனால் ரப்பராக வளையும். இன்னொரு எலும்பை அடுப்பில் நன்றாகச் சுட்டால் கொலாஜென் எரிந்து தாது மட்டும் மிஞ்சும்; விரலால் அழுத்தினாலே பொடியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டையும் கையில் கொடுத்துவிடுவேன், பாடம் நடத்தத் தேவையே இருக்காது. வினிகரை நடுவில் ஒருமுறை மாற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நடுப்பகுதி கெட்டியாகவே இருக்கும்.